பெற்றோல் மணக்கிறது, ஆனால் சொட்டைக் காணவில்லை: எஞ்சின் மாற்றிய பழைய காரில் ஒழுக்குத் தேடும் வழி

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற மொறிஸ் மைனர்களில் எத்தனையோ கார்களின் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது மொறிஸ் எஞ்சின் அல்ல. என்னுடைய காரிலும் அப்படித்தான். உடம்பு மொறிஸ் மைனர், எஞ்சின் நிசான் ஏ12, 1171 சிசி. இந்த இரண்டும் பொருந்திப் போவதில் பெரிய வியப்பு இல்லை. நிசான் 1952இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து ஜப்பானில் ஏ40 கார்களைப் பொருத்தத் தொடங்கிய நிறுவனம். பிறகு தானே வடிவமைத்த ஏ எஞ்சினிலும், மொறிஸின் எஞ்சினில் இருப்பதுபோலவே, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரும் புகை போகும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

எஞ்சின் பொருந்திவிடும். பெற்றோல் குழாய்தான் பொருந்தாது. பெற்றோல் தாங்கியிலிருந்து வருவது இங்கிலாந்தின் அங்குலக் குழாய், எஞ்சினில் காத்திருப்பது ஜப்பானின் மில்லிமீற்றர் வாய். நடுவில் இருக்கிற இணைப்பை எந்தத் தொழிற்சாலையும் வரையவில்லை. ஒரு கராஜில், ஒரு பின்னேரத்தில், கையில் கிடைத்த ஹோஸையும் கிளிப்பையும் வைத்து யாரோ செய்தது அது. கசிவு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இடத்தைத்தான்.

இன்னொன்று. ஈரமாக இருக்கும் இடத்தைப் பார்த்து அங்கேதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். பெற்றோல் குழாயின் முதுகில் ஊர்ந்து போய் வேறெங்கோ சொட்டும். நம்முடைய வெயிலில் சொட்டுவதற்கு முன்பே ஆவியாகியும் போகும். அதனால் எங்கே என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, எப்போது மணக்கிறது என்று கேளுங்கள். இரவு நின்ற பிறகா, ஓடும்போதா, சூட்டோடு நிறுத்திய பிறகா, தாங்கி நிரப்பிய அன்றா? அந்தப் பதிலே பாதிக் காரை விசாரணையிலிருந்து விடுவித்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

காரைக் கொட்டிலிலிருந்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஸ்ராட் செய்து ஓட்டி வர வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு படிந்து கிடக்கும். கராஜ் குழிக்குள் இறங்கி ஒழுக்குத் தேடுவது இந்த வேலையில் மிகவும் ஆபத்தான காரியம், ஏனென்றால் ஆவி முழுவதும் அந்தக் குழிக்குள்தான் போய்த் தேங்கும். உறைபனியைவிடப் பல பாகை குளிரிலும் பெற்றோல் பற்றிக்கொள்ளக்கூடிய ஆவியை விடும். நம்முடைய ஊரின் சூட்டைச் சொல்லத் தேவையில்லை.

பொனற்றைத் திறந்து காற்றோட விட்டு, எஞ்சின் ஆறிய பிறகு பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். மொறிஸ் மைனர் பிறந்தது பொசிற்றிவ் ஏர்த்தில், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். ஓல்ரனேற்றர் போட்ட கார்களில் அதை நெகற்றிவ் ஏர்த்தாக மாற்றியிருப்பார்கள். ஆகவே அடையாளத்தை நம்பாமல், உடம்போடு போல்ற் போட்டிருக்கிற வயர் எதுவோ அதைக் கழற்றுங்கள். வெளிச்சத்துக்கு எல்ஈடி ரோச், அதையும் தள்ளி நின்று போட்டுக்கொண்டு கிட்டப் போங்கள். வயரில் தொங்கும் பல்பு உடைந்தால் அந்த இழை ஒன்றே போதும் தீப்பிடிக்க. உலர் தூள் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வாளித் தண்ணீர் உதவாது, எரிகிற பெற்றோலைத் தூக்கிக்கொண்டு பரவும்.

தேடுவதற்குத் தேவையான மற்றச் சாமான் மலிவானது: வெண்கட்டி, ஒரு பெரிய காட்போட் மட்டை, வெள்ளைச் சீலைத் துண்டு. வெண்கட்டியைப் பொடியாக்கி, துடைத்து உலர்த்திய ஒவ்வொரு இணைப்பின் மேலும் பூசுங்கள். பெற்றோல் பட்ட இடம் கறுத்துக் காட்டும். துடைப்பதற்கு முன் ஒருமுறை கண்ணால் நிதானமாகப் பார்க்கவும் வேண்டும். எண்ணெயும் புழுதியும் படிந்த பழைய எஞ்சினில் பெற்றோல் ஓடிய பாதை மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். நாட்பட்ட கசிவானால் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. அவசரப்பட்டு எஞ்சினைக் கழுவினால் இந்தச் சாட்சி எல்லாம் போய்விடும்.

காலையில் கொட்டிலைத் திறந்தால் மணம்

மட்டையைக் காருக்கு அடியில் முழு நீளத்துக்கும் விரித்து, சில்லுகள் நிற்கிற இடத்தைப் பேனையால் குறித்துவிட்டு இரவு விடுங்கள். காலையில் கறை முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும்.

மொறிஸ் மைனரில் தாங்கி டிக்கிக்குக் கீழே இருக்கிறது, காபரேற்றரைவிடத் தாழ்வு. நம்முடைய ஊரும் மட்டமான தரை. ஆகவே எஞ்சின் நின்ற பிறகு தாங்கியிலிருந்து பெற்றோல் தானாக முன்னால் ஏறி வராது. முன்பக்கம் கறை என்றால் காபரேற்றர் கிண்ணத்திலோ, பம்பிலோ, குழாயிலோ மிஞ்சி நின்ற கொஞ்சப் பெற்றோல்தான். அளவும் சின்னதாக இருக்கும். பின்பக்கம் கறை என்றால் தாங்கியும் அதன் கீழ் இணைப்பும்.

முன்பக்கம் ஒரு கோப்பை அளவுக்கு மேல் ஒழுகியிருந்தால், உயரத்தில் இன்னொரு தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இது வெளியூர் வழிகாட்டிகளில் இருக்காது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். அதற்காக உயரத்தில் வைத்த சின்னத் தாங்கி, கிளைக் குழாய் போன்ற ஒட்டுவேலைகள் சில கார்களில் அப்படியே கிடக்கின்றன.

என் காரின் கதையும் அதுதான். மூன்று மாதம் பெற்றோல் மணத்தது. சொட்டு விழுந்தது கியர் பெட்டியின் முன்வாயில். காட்டிய கராஜில் காபரேற்றரின் இணைப்பில் கசிவை அடைக்கிற கஸ்கற்றை இரண்டு தரம் மாற்றினார்கள், மணம் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா இணைப்புக்கும் வெண்கட்டி பூசிவிட்டுக் காத்திருந்தேன். காபரேற்றரைச் சுற்றி எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. கறுத்தது பழைய பம் இருந்த தகட்டுக்குப் பின்னால், நான் அதுவரை கண்டேயிராத ஒரு ரீ வடிவ மூட்டு. அதன் மூன்றாவது வாயில் விரலளவு ஹோஸ், ஹோஸின் நுனியில் அடைப்பாக ஒரு போல்ற், அதன் மேல் கம்பி முறுக்கு. மண்ணெண்ணெய்க் காலத்து மூட்டு. எஞ்சின் மாற்றியபோதும் யாரும் அதைத் தொடவில்லை. அங்கிருந்து ஊர்ந்த பெற்றோல் குழாய் வழியே இறங்கி கியர் பெட்டியில் சொட்டியிருக்கிறது. அந்த மூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே துண்டு ஹோஸ் போட்டேன், மணம் அன்றோடு நின்றது. கஸ்கற்றை மாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தார்கள். ஆனால் அந்த மூன்று மாதமும் பிள்ளைகளை அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும்.

பழைய கார் வாங்கியவர்கள் தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை குழாயை ஒருமுறை கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். வேலையில்லாத மூட்டு, அடைத்துவைத்த கிளை, பயன்படாத குழாய்த் துண்டு எதுவும் மிஞ்சக்கூடாது.

சூட்டோடு நிறுத்தி கால் மணித்தியாலத்தில் மணம்

இது பல சமயம் ஒழுக்கே அல்ல. எஞ்சின் நின்றதும் காற்றாடியும் நிற்கும், மனிபோல்டின் சூடு மேலே ஏறி காபரேற்றர் கிண்ணத்தில் உள்ள பெற்றோலைக் கொதிக்க வைக்கும். ஆவி கிண்ணத்தின் காற்றுவாயால் வெளியேறும். மறுபடி ஸ்ராட் செய்ய நேரம் எடுக்கும்.

காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கிற தடித்த பேக்லைற் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றும்போது பொனற் மூடவில்லை என்பதற்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கஸ்கற்றோடு பூட்டிய கார்கள் உண்டு. தட்டைத் திரும்பப் போட்டு, கீழே ஒரு தகட்டுத் தடுப்பும் வைத்தால் சரியாகும். பெற்றோல் குழாய் சைலன்சர் குழாயைத் தொட்டும் தொடாமலும் போகிறதா என்றும் பாருங்கள், தள்ளிக் கட்டுங்கள்.

திறப்பைப் போட்டதும் அல்லது எஞ்சின் ஓடும்போது சொட்டுகிறது

பம் தள்ளும்போது மட்டும் வருகிற கசிவு இது. இங்கே நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகைதான் சூடான மனிபோல்டின் மேல் விழும். இரண்டு எஞ்சினிலும் காபரேற்றர் அதற்கு நேர் மேலே இருக்கிறது. சொட்டு மனிபோல்டில் விழுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள், வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம்.

காபரேற்றரிலேயே வழிகிறது என்றால், கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை மறிக்கிற மிதவையும் ஊசி வால்வும் முதல் சந்தேகம். நிசானின் ஹிட்டாச்சி காபரேற்றரில் கிண்ணத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு, பெற்றோல் மட்டம் அதன் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே ஏறி மறைந்தால் ஊசி மூடவில்லை. மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் அலம்பினால் மிதவை ஓட்டை. ஊசியின் நுனியில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிற வளையம் இருந்தால் ஊசியையும் அது உட்காருகிற இருக்கையையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஊசியைப் பழைய இருக்கையில் போட்டால் சில வாரத்தில் திரும்ப வரும்.

இரண்டும் நன்றாக இருந்தும் வழிகிறதா? அப்படியானால் பம்பைப் பாருங்கள். எஞ்சினே ஓட்டுகிற நிசானின் மெக்கானிக்கல் பம் தள்ளுகிற அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. மொறிஸோடு வந்த எஸ்யூ நிறுவனத்தின் மின்பம் அதிலும் குறைவு. காபரேற்றர் இல்லாமல் பெற்றோலை அழுத்தத்தில் தெளிக்கிற இன்ஜெக்சன் காரின் மின்பம் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று அதைக் கொண்டுவந்து காபரேற்றருக்குப் பூட்டினால் எந்த ஊசியும் தாங்காது. காபரேற்றரைப் பத்துத் தரம் கழற்றினாலும் பிழை அங்கே இல்லை. தாழ்ந்த அழுத்தப் பம் போடுங்கள். அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேற்றர் போடுவதென்றால், மிஞ்சிய பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்புகிற குழாயோடு போடுங்கள்.

எஸ்யூ பம்பை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. எஞ்சினை ஓட்டாமல் திறப்பை மட்டும் போட்டுவிட்டுக் காது கொடுங்கள். டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் ஆறுதலாக அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது: ஊசி வழியாக, அல்லது பம்புக்குப் பிறகுள்ள ஒரு மூட்டு வழியாக. படபடவென்று வேகமாக அடித்தால் தாங்கிப் பக்கத்தில் காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் ஒன்றும் இல்லை.

அடுத்தது ஹோஸும் கிளிப்பும். கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், 5/16 அங்குலம் 7.94. எட்டு மில்லிமீற்றர் ஹோஸ் 5/16 குழாயில் அழகாக உட்காரும். கால் அங்குலக் குழாயில் அதே ஹோஸைப் போட்டுக் கிளிப்பால் நெரித்தால் ஹோஸ் ஓரிடத்தில் மடியும், அந்த மடிப்பு வழியே ஒழுகும். இறுக்க இறுக்க அதிகமாகும். அளவு சரியான ஹோஸ்தான் மருந்து. துளையிட்ட பட்டியுள்ள சாதாரணக் கிளிப் ரப்பரைக் கடித்து வெட்டும், மழமழப்பான பட்டியுள்ள பெற்றோல் கிளிப் வாங்குங்கள். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஹோஸ் கேட்கும்போது மேலே அச்சடித்திருப்பதை வாசியுங்கள். காபரேற்றர் காருக்கு எஸ்ஏஈ ஜே30 ஆர்7 என்ற தரக்குறி போதும், இன்ஜெக்சனுக்கு ஆர்9 கட்டாயம். ஒன்றும் அச்சடிக்காத கறுப்பு ஹோஸ் தண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம். பெற்றோல் அதை ஊற வைத்துக் கூழாக்கிவிடும்.

திருகு மூட்டுகளில் வெள்ளைத் தெஃப்லோன் நாடா சுற்றுவது நம்மிடம் பரவலான பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்த மூட்டுகளில் பெற்றோலை அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கிற கூம்பும் வளையமும்தான். நாடாவின் இழை கிழிந்து காபரேற்றரின் துளையில் போய் அடைக்கும். ஒரு மூட்டு இறுகியும் ஒழுகினால் மரையே வேறாக இருக்கலாம். பழைய பிரித்தானியக் குழாய் மரையின் கோணம் 55 பாகை, மெற்றிக் மரை 60. இரண்டு சுற்று ஏறும், பிறகு கடிக்கும், பொருந்தியதுபோல் ஏமாற்றும். சிலிக்கன் கஸ்கற் பசையும் பெற்றோலில் நிற்காது, ஊறி உரியும்.

கிளச்சை விடும்போது, ஏற்றி மிதிக்கும்போது மட்டும்

எஞ்சினைத் தாங்கக் கையால் செய்த மவுண்டில் உட்கார்ந்திருக்கிற எஞ்சின் மிதிக்கும்போது ஒரு பக்கம் சரியும். உடம்பில் பூட்டிய செப்புக் குழாயை நேராக எஞ்சினில் பூட்டியிருந்தால் ஒவ்வொரு சரிவிலும் குழாய் வளையும். செம்பு வளைய வளைய இறுகி, ஒருநாள் மயிரிழையாக வெடிக்கும். நின்ற இடத்தில் பார்த்தால் அந்த வெடிப்புத் தெரியாது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஒருவர் எஞ்சினைக் கையால் அசைக்க, மற்றவர் வெண்கட்டி பூசிய குழாயைப் பார்க்க வேண்டும். உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் இருந்தே ஆக வேண்டும்.

சொட்டு இல்லை, ஆனால் எண்ணெய் மட்டம் ஏறுகிறது

எண்ணெய்க் கோலை இழுத்தால் மட்டம் மேலே, எண்ணெய் தண்ணீர்போல், மணந்தால் பெற்றோல். எஞ்சினை ஸ்ராட் செய்யாதீர்கள். எண்ணெய்த் தொட்டிக்குள் நிறைந்த ஆவி வெடிக்கக்கூடும், மெலிந்த எண்ணெயில் பேரிங்கும் போய்விடும்.

மெக்கானிக்கல் பம்பின் சவ்வு கிழிந்தால் பெற்றோல் நேராக எண்ணெய்க்குள் போகும். பம்பின் அடியில் சின்னத் துளை இருந்தால் அது ஈரமாக இருக்கும். துளை உலர்ந்திருந்தால் காபரேற்றர் ஊசி வழிந்து சிலிண்டர் வழியே இறங்கியிருக்கலாம். எஞ்சின் மாற்றிய கார்களுக்கே உரிய ஒரு கூட்டுப் பிழையும் உண்டு. பழைய எஸ்யூ மின்பம்பையும் விட்டுவிட்டு, நிசானின் மெக்கானிக்கல் பம்பையும் தொடராகப் பூட்டியிருப்பார்கள். பிந்தியதன் சவ்வு கிழிந்தால், திறப்புப் போட்டிருக்கிற நேரமெல்லாம் மின்பம் எண்ணெய்த் தொட்டிக்குள் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பம் போதும். சவ்வை மாற்றிய பின் எண்ணெயும் எண்ணெய்ப் பில்ரரும் புதிதாகப் போட வேண்டும்.

சொட்டும் இல்லை, மணமும் இல்லை, ஆனால் ஓட்டத்தில் இழுக்கிறது

தாங்கிக்கும் மெக்கானிக்கல் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய் ஓடும்போது உறிஞ்சப்படுகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் நீண்ட நேரம் ஸ்ராட்டரை அடிக்க வேண்டும், ஏ9 வீதியில் வேகம் எடுத்தால் தடுமாறும். தெளிந்த பில்ரரில் நுரையும் குமிழியும் ஓடுவதைப் பார்க்கலாம். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வருகிற கார்களில் குழாயைத் தாங்குகிற கிளிப்புகளுக்கு அடியில் பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் தங்கி இரும்புக் குழாய் அங்கேதான் அரிக்கும். ஓரிடத்தில் அரித்தால் முழுக் குழாயையும் மாற்றுங்கள்.

தாங்கி நிரப்பிய அன்று மட்டும்

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, கிடைக்கும்போது கழுத்துவரை நிரப்புகிற பழக்கம் நம்மில் பலருக்கு ஒட்டிவிட்டது. பெற்றோல் ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் விரியும். 25 லீற்றர் வெயிலில் 20 பாகை சூடேறினால் அரை லீற்றருக்குக் கிட்டக் கூடும். அது தாங்கியின் மேலுள்ள மட்டமானியின் கஸ்கற்றாலோ, நிரப்பு கழுத்தின் ரப்பராலோ வெளியே வரும். இரண்டும் மலிவு, மாற்றிவிட்டு, கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள்.

தாங்கியின் தையலில் கசிந்தால் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்ப்பது பழைய கைமருந்து. பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காததால் வீடு சேரும்வரை நிற்கும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். பெற்றோல் இருந்த தாங்கிக்கு யார் சொன்னாலும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். வெறுமையான தாங்கி நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவியும் காற்றும்.

இன்ஜெக்சன் எஞ்சின் மாற்றியவர்களுக்கு

நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். பம்பின் பியூஸைக் கழற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டு, பிறகு சீலை சுற்றி மூட்டைத் திறவுங்கள். அந்த அழுத்தத்தில் கசிவு சொட்டாது, பனிப்புகார்போல் தெளிக்கும், ஆகவே ஓடும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். இன்ஜெக்டரின் மேல் ரப்பர் வளையம் இறுகினால் பெற்றோல் வெளியே வரும், கீழ் வளையம் இறுகினால் காற்று உள்ளே போகும். செப்பு வாசர்களை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள்.

மின்பம் போட்ட எந்தக் காரிலும், எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் பம்பை நிறுத்துகிற சுவிச்சும் ரிலேயும் பூட்டுங்கள். மோதி ஹோஸ் அறுந்தாலும் திறப்புப் போட்டபடி இருந்தால் பம் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இப்படியான காவல் தொழிற்சாலை இன்ஜெக்சன் கார்களில் தானாக வரும். நாம் மாற்றிய காரில் நாம்தான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும்

எல்லா மூட்டுக்கும் திரும்ப வெண்கட்டி பூசி, ஏர்த் வயரைப் பூட்டி, பத்து நிமிடம் முற்றத்திலேயே ஓட விடுங்கள். பிறகு கிட்டவுள்ள வீதியில் ஒரு சுற்று, சூட்டோடு நிறுத்தி ஒரு பார்வை. இரவு மட்டையின் மேல் விடுங்கள். காலையில் மட்டை உலர்ந்து, வெண்கட்டி வெள்ளையாகவே இருந்தால் துடைத்துவிடலாம். புது ஹோஸ் கொஞ்சம் அமுங்கும் என்பதால் ஒரு கிழமை கழித்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை ஒரு கால் சுற்று இறுக்குங்கள்.